திரைக்கு வெளியே பாடுகிறவர்கள்: தேடிக் கேட்பதும் அடுத்தவருக்குச் சொல்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமாவுக்கு வெளியே தமிழில் பாடுகிறவர்கள் சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறார்கள், யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொராண்டோவிலும் இருக்கிறார்கள். ஒரு படம் வந்தால் அதன் பாட்டும் சேர்ந்தே ஊரெல்லாம் போய்விடும். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. கேட்டவர் கேட்காதவரிடம் சொன்னால்தான் பாட்டு நகரும். தேடுவது, சொல்வது இரண்டிலும் பலர் எங்கே தடுமாறுகிறார்களோ அந்தக் கேள்விகள் இங்கே.

அதிகம் அறியப்படாத பாடகர் என்றால் யார்? எத்தனை பேர் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லலாம்?

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. வடசென்னையில் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் தேதி கொடுக்க முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கானா பாடகரின் பெயரை அடையாறில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கானா பாடகி இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதற்குப் பிறகும் அவர் பாடி ஒரு பாட்டுகூடக் கேட்காத தமிழ் ரசிகர்கள் ஏராளம். உங்கள் எதிரில் இருப்பவருக்குத் தெரியாதவர் என்றால் போதும், சொல்லலாம்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

ஏற்கெனவே பிடித்த ஒரு பாட்டிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாட்டின் ‘கிரெடிட்ஸ்’ பகுதியைத் திறந்து, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் கிரெடிட்ஸ் வரும். யூடியூபில் வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக்குறிப்பை முழுதாக விரித்துப் பாருங்கள். பாடகர் பெயரோடு ‘டாபிக்’ என்று முடியும் சேனல்கள் தானாக உருவானவை. வீடியோவில் ஆல்பம் அட்டை மட்டும்தான் தெரியும் என்றாலும், இசையமைத்தவர், எழுதியவர் பெயர்கள் அங்கே பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். விவரக்குறிப்பு காலியாக இருந்தால் வீடியோவின் கடைசி அரை நிமிடத்தையும், எல்லாவற்றுக்கும் மேலே ‘பின்’ (pin) செய்து நிறுத்தியிருக்கும் கமென்ட்டையும் பாருங்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். ‘அட்டகத்தி’ படத்தில் ‘ஆசை ஓர் புல்வெளி’ பாடிய பிரதீப் குமாரைப் பலருக்கும் பிடிக்கும். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு படங்களை விட்டு வெளியே வந்தால் ‘லா பொங்கல்’ என்ற நாட்டுப்புற இசைக்குழு வரும். அதில் அவரோடு இருந்தவர் தர்புகா சிவா. சிவாவைத் தேடினால் சமஸ்கிருதப் பாடல்களைப் புது மாதிரி இசைத்த ‘யோதகா’ குழு வரும், அதிலும் பிரதீப் இருப்பார். லா பொங்கலில் கேட்கும் இன்னொரு குரல் அந்தோணிதாசன். அவரைத் தொடர்ந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டின் உலகமே திறக்கும். ஒரு பாடகரில் தொடங்கி நாலு கிளை.

இன்னொரு வழி இசையமைப்பாளர் டென்மா. ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தின் இசை அவருடையது. அவரிடமிருந்து ‘குரங்கன்’ குழுவுக்கும், அதன் வழியே தானே எழுதித் தானே பாடும் கபேர் வாசுகிக்கும் போகலாம். இந்தப் பக்கம் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழு, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேரோடு முதல் மேடை ஏறியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அந்த 19 பேரில் பலருக்குத் தனிப் பாடல்கள் உண்டு. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே தேடிக் கேட்கவே ஒரு மாதம் ஆகும்.

பாடகர் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கிடார் வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர், பதிவு நடந்த ஸ்டூடியோ ஆகியவற்றையும் தேடுங்கள். சின்னக் குழுக்கள் ஒரே சவுண்ட் இன்ஜினியரிடம் போவது வழக்கம். அவர் கைபட்ட பத்துப் பாட்டைப் பார்த்தால் ஐந்து புதுப் பெயர்கள் தேறும். ஆப்பின் பரிந்துரைக்கு இந்தத் தொடர்புகள் அவ்வளவாகத் தெரியாது.

ஆப் ஏன் சுற்றிச் சுற்றி அதே பாட்டுகளையே போடுகிறது?

உங்களைப் போலக் கேட்பவர்கள் வேறு என்ன கேட்டார்கள் என்பதுதான் அதன் முக்கியமான ஆதாரம். நூறு பேர்கூடக் கேட்காத பாட்டைப் பற்றி அதனிடம் போதிய தகவல் இருக்காது. அதனால் கூட்டம் போகும் பக்கமே உங்களையும் இழுக்கும். அடுத்தது, ஒரே கணக்கில் குழந்தைக்கு ரைம்ஸ், அப்பாவுக்குப் பக்திப் பாடல், தூங்குவதற்கு மழைச் சத்தம் எல்லாம் ஓடினால் அது குழம்பிப்போகும்.

இதைச் சரிசெய்யலாம். ரைம்ஸ், மழைச் சத்தம் போன்ற ப்ளேலிஸ்ட்களின் மூன்று புள்ளியில் ‘எக்ஸ்க்ளூட் ஃப்ரம் டேஸ்ட் ப்ரொஃபைல்’ என்று ஸ்பாட்டிஃபையில் உண்டு, அதை அழுத்துங்கள். அடுத்தவர் கையில் போனைக் கொடுப்பதற்கு முன்னால் ‘ப்ரைவேட் செஷன்’ போடுங்கள். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியைச் சற்று நேரம் நிறுத்திவைக்கலாம். ஒத்த பாட்டுகளை ஆப் தானாகத் தொடர்ந்து போடும் ‘ரேடியோ’வைப் பெரிய பாடகர் பெயரில் தொடங்கினால் பெரிய பாட்டுகளே வரும், சின்னப் பாடகர் பெயரில் தொடங்குங்கள். பிடித்த பாட்டைச் சும்மா கேட்டுவிட்டுப் போகாமல் சேமித்து வையுங்கள், பாடகரை ‘ஃபாலோ’ செய்யுங்கள். ஸ்பாட்டிஃபை திங்கட்கிழமைகளில் புதுப்பிக்கும் ‘டிஸ்கவர் வீக்லி’ பரிந்துரைப் பட்டியலைத் திங்களிலிருந்து ஞாயிறுக்குள் கேட்டுவிட வேண்டும். பழையது அழிந்துவிடும், பிடித்ததை உடனே வேறு பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் நன்றாகத் தெரியும், ஆனால் தேடினால் கிடைப்பதில்லையே?

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவதுதான் காரணம். ‘ழ’வுக்குச் சிலர் இசட்-எச் போடுவார்கள், சிலர் எல் மட்டும். ‘த’வுக்கு டி, டி-எச் இரண்டுமே புழங்குகின்றன. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பவர் பாதி, இரட்டிக்காதவர் பாதி. முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுங்கள், பிறகு ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பாடகர் பெயரை விட்டுவிட்டுப் பாட்டின் நடுவிலிருந்து ஒரு வரியைத் தேடுங்கள். பல்லவி பலருக்கும் பொதுவாக இருக்கும், சரணத்து வரி தனித்து நிற்கும்.

‘கானா’வுக்குத் தனித் தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு ‘ஏ’ போட்டு எழுதினால் அதே பெயருள்ள ஆப்பும் இந்திப் பாட்டுகளும் வந்து குவியும். ‘சென்னை கானா’, ‘வியாசர்பாடி கானா’, ‘மரண கானா’ என்று ஊரையோ வகையையோ சேர்த்துப் போட்டால் சரியான இடத்துக்குப் போவீர்கள்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இருவரின் பாட்டும் ஒரே பக்கத்தில் கலந்துவிடுவதும் நடக்கிறது. தமிழ் ஆல்பத்துக்கு நடுவில் துருக்கி நடனப் பாட்டு ஒன்று இருந்தால் அதுதான் விஷயம். பாடகரின் சொந்த இன்ஸ்டாகிராம் பக்கத்திலுள்ள இணைப்பு வழியாகப் போவது பத்திரம்.

ஆப் எதிலும் இல்லாத நாட்டுப்புறப் பாடகர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

இவர்களின் பாட்டு பெரும்பாலும் கேசட்டிலும், கோயில் திருவிழா வீடியோவிலும், வானொலிப் பதிவிலும்தான் இருக்கிறது. வீடியோ தலைப்பில் ‘சூப்பர் கிராமியப் பாட்டு’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அப்போது தலைப்பை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் குழுவின் பெயர், ஊர், கைபேசி எண் மூன்றும் இருக்கும். மேளத்தின் மேலும், சிலநேரம் வேனின் பக்கவாட்டிலும் குழுப் பெயர் எழுதியிருக்கும். நிறுத்தி, பெரிதாக்கிப் படியுங்கள். மேடை அறிவிப்பாளர் பாட்டு தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் பெயரைச் சொல்வார், வெட்டாத முழு வீடியோவைத் தேடிப் பிடித்தால் அது கிடைக்கும்.

பறையைப் பொறுத்தவரை குழுவின் பெயரே முக்கியம். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசான் 2025-ல் பத்மஸ்ரீ பெற்றார். மணிமாறன், மகிழினி நடத்தும் புத்தர் கலைக்குழுவும், கோவைப் பக்கத்து நிமிர்வு கலையகமும் பறையைக் கற்றுத்தருகின்றன. இப்படிக் கற்றுத்தரும் இடங்களில் விசாரித்தால் அடுத்த தலைமுறைக் குழுக்களின் பெயர்கள் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டு, பாடியவரின் பெயரை விட்டுவிடும் பழக்கம் இங்கே அதிகம். பாட்டு யாருடையது என்று தெரியாமல் போகலாம், இந்தப் பதிவில் இந்தக் குரல் யாருடையது என்பது யாருக்காவது தெரிந்தே இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பகிருங்கள்.

நேரில் கேட்க வாய்ப்பு எங்கே?

சென்னையில் டிசம்பர், ஜனவரிதான் அறுவடைக் காலம். 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’யில் கானா, ஒப்பாரி, பறை, ராப் எல்லாம் வரும். பொங்கலை ஒட்டிய ‘சென்னை சங்கமம்’ விழாவில் பல மாவட்டத்துக் குழுக்கள் பூங்காக்களிலும் மைதானங்களிலும் ஆடிப் பாடும். கர்நாடக இசையில் புதுக் குரல் தேடுகிறவர்கள் சபாக்களின் மாலைக் கச்சேரியை விட்டுவிட்டு மதியக் கச்சேரிக்குப் போக வேண்டும். இளம் பாடகர்களுக்கு அந்த நேரத்தைத்தான் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் டிக்கெட் இருக்காது. ஜூன் 21 உலக இசை நாளை ஒட்டி அல்லயன்ஸ் ஃபிரான்சேயில் நடக்கும் நிகழ்ச்சி சின்ன பேண்டுகளுக்கான மேடை.

எந்த நிகழ்ச்சியானாலும் குறித்த நேரத்துக்கே போய்விடுங்கள். பெரிய பெயர் கடைசியில்தான் வரும், நீங்கள் தேடி வந்தவர் முதல் இருபது நிமிடத்தில் பாடி முடித்து இறங்கியிருப்பார்.

போனில் பதிவு செய்வதாக இருந்தால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரில் நிற்காதீர்கள். பறை, தவில் சத்தத்தைத் தாங்காமல் போன் மைக் கிழிந்த மாதிரி பதிவாகும், அதைப் பிறகு எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாது. ஐந்தாறு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள். பதிவின் தொடக்கத்தில் பாடகர் பெயர், ஊர், தேதி மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வீடியோவை எடுத்துப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும்.

இலங்கை, மலேசியா, கனடா பக்கம் யாரிடமிருந்து தொடங்கலாம்?

இலங்கையின் தமிழ் பொப் பாட்டுக்கு ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’, நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ இரண்டும் நல்ல வாசல். இரண்டும் நிறையப் பேர் கேட்டவை. இவர்களோடு அந்தக் காலத்தில் பாடிய மற்றவர்களைப் பழைய இசைத்தட்டு, கேசட் பதிவுகளில்தான் தேட வேண்டும். பிந்தைய தலைமுறையில் ராப் பக்கம் கிரிஷான் மகேசன்.

மலேசியாவில் ‘பொயட்டிக் அம்மோ’ ராப் குழுவில் இருந்த யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு ‘நட்சத்ரா’வாகி 2006-ல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பம் தமிழ் ராப்புக்குப் பெரிய திருப்பம். டொராண்டோவில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஷான் வின்சென்ட் டி பாலும் மிருதங்கக் கலைஞரான யாஞ்சனும் சேர்ந்து செய்த ‘மிருதங்கம் ராப்ஸ்’ தொடரைக் கேளுங்கள். மிருதங்கச் சொற்கட்டின் மேலேயே ராப் ஓடும். அதே ஊரில் நவ்ஸ்-47 என்ற பெண் ராப்பரையும் தவறவிடாதீர்கள்.

நண்பருக்கு ஒரு பாட்டைச் சொல்லும்போது என்ன எழுதுவது?

வெறும் இணைப்பை அனுப்பினால் பெரும்பாலும் திறக்க மாட்டார்கள். காலையில் வரும் குட் மார்னிங் படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நாற்பது பாட்டுள்ள ப்ளேலிஸ்ட் அனுப்பினால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு, அதுவும் ஏன் அவருக்கு என்ற காரணத்தோடு. அதற்கு முன்னால் அவர் சமீபத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு எது என்று கேட்டுவிடுங்கள். ‘உங்களுக்கு எந்த மாதிரி இசை பிடிக்கும்’ என்று கேட்டால் எல்லோரும் ‘எல்லாமே’ என்பார்கள், அதனால் பயனில்லை.

இளையராஜா பாட்டே கதியென்று இருக்கும் ஓர் அண்ணனுக்கு இப்படி எழுதலாம்:

“அண்ணே, ராஜா சாரோட ‘மடை திறந்து’ உங்களுக்கு உயிராச்சே. மலேசியாவுல யோகி பி & நட்சத்ரான்னு ஒரு ராப் குழு, 2006-ல ‘வல்லவன்’ ஆல்பத்துல அதை எடுத்து அவங்க பாணியில பண்ணியிருக்காங்க. ராப்னா உங்களுக்கு ஆகாதுன்னு தெரியும், ஒரே ஒருதடவ ஹெட்ஃபோன்ல கேளுங்க. அந்தப் பழைய மெட்டு எங்கெல்லாம் வந்து சேருதுன்னு மட்டும் கவனிங்க.”

அவருக்குத் தெரிந்த ஒன்று, தெரியாத ஒன்று, எதைக் கவனிக்க வேண்டும் என்ற குறிப்பு, பாடியவர் பெயர், ஆண்டு, ஆல்பம் எல்லாம் இதில் இருக்கின்றன. இணைப்பு செத்துப்போனாலும் அந்தப் பெயரை வைத்துத் தேடிக்கொள்வார். இசையில் ஒரு குறிப்பிட்ட இடம்தான் உங்களைப் பிடித்தது என்றால் நிமிடத்தையும் எழுதுங்கள்: ‘2:10-ல் பறை உள்ளே வரும் இடம்’ என்பதுபோல. ‘இதுகூடக் கேட்டதில்லையா?’, ‘இப்போ வர்றதெல்லாம் பாட்டா?’ மாதிரியான வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். அவை பாட்டைக் கேட்கும் முன்பே ஆளைக் கோபப்படுத்திவிடும்.

அறிமுகத்துக்கு எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டாக அது இருக்க வேண்டியதில்லை. அந்தப் பாடகரை இருபது பாட்டு கேட்ட பிறகு உங்களுக்குப் பிடித்தது அது. புதியவருக்கு நாலு நிமிடத்துக்குள் முடிவது, குரல் சீக்கிரம் தொடங்குவது, வரிகள் தெளிவாகக் கேட்பது நல்லது. மேடைப் பதிவா ஸ்டூடியோப் பதிவா என்பதையும் யோசியுங்கள். கானாவுக்கும் பறைக்கும் மேடைப் பதிவில்தான் உயிர் இருக்கும், வரிக்கு முக்கியத்துவம் தரும் பாடகர்களுக்கு ஸ்டூடியோப் பதிவே மேல்.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும், அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. ராக், ராப் பாட்டை அனுப்பும்போது ஹெட்ஃபோன் என்று ஒரு சொல் சேர்ப்பது அதற்காகத்தான்.

ப்ளேலிஸ்ட் போடவே கூடாதா?

கேட்டவர்களுக்குப் போடுங்கள். 12 முதல் 15 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குள். ஒருவருக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். முதல் மூன்று பாட்டு எளிதில் ஒட்டிக்கொள்பவையாக இருக்கட்டும், சோதனை முயற்சிகள் நடுவில். விவரக்குறிப்பில் பாடகர்களின் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள்.

அதே பட்டியலை ஒரு நோட்டிலோ டெக்ஸ்ட் ஃபைலிலோ தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கலைஞர்கள் ஆண்டுச் சந்தா கட்டும் விநியோக நிறுவனங்கள் வழியாகப் பாட்டை ஏற்றுகிறார்கள். சில நிறுவனங்களில் சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடும். ப்ளேலிஸ்ட்டில் அது சாம்பல் நிறத்தில் கிடக்கும் அல்லது மொத்தமாக மறைந்துவிடும், எது போனதென்றே தெரியாது.

எல்லாப் பெயரையும் எழுதுவது அவ்வளவு அவசியமா?

அவசியம். 2021-ல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைப் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடினார்கள், வரிகள் அறிவு எழுதியவை, தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டின் வெற்றியை ஒட்டி வெளியிட்ட அட்டையில் அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகு அறிவை வைத்துத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், ஆயிரம் பேர் கேட்ட பாட்டில் எழுதியவரும் வாசித்தவரும் என்ன ஆவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பகிரும்போது எழுதியவர், இசை, குரல் மூன்றையும் போட ஒரு வரிதான் ஆகும்.

இவர்களுக்குப் பணம் போய்ச் சேர என்ன செய்யலாம்?

நேரில் போய் டிக்கெட் வாங்குவது, டி-சர்ட் வாங்குவது, கலைஞர்கள் பாட்டை நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் பாட்டை விலைக்கு வாங்குவது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ என்று அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் எடுக்காது, வாங்குவதை அந்த நாளுக்குத் தள்ளிவைக்கலாம். இந்தியாவிலிருந்து வாங்கினால் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்துவைக்க வேண்டும், பணம் கட்ட முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை என்று கணக்கு. 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பங்கு. ஆகவே சின்னக் கலைஞருக்கு முதல் ஆயிரம் ரொம்ப முக்கியம், நீங்கள் பத்துப் பேருக்குச் சொல்வது அங்கே நேரடியாகக் கணக்கில் வரும். இரவு முழுக்க சத்தத்தைக் குறைத்து லூப்பில் ஓடவிடாதீர்கள். செயற்கையான கேட்பு என்று பிடிபட்டால் அது கலைஞரின் தலையில்தான் விழும். எம்பி3-யாக வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

கண்டுபிடித்தவர் நிஜ ஆளா, ஏஐ செய்த குரலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேடை வீடியோ ஒன்றுகூட இல்லை, மூன்று மாதத்தில் ஐந்தாறு ஆல்பம், கிரெடிட்ஸில் வேறு யார் பெயரும் இல்லை, படம் எல்லாம் வழுவழுவென்று வரைந்த மாதிரி. இத்தனையும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம். உச்சரிப்பையும் கேளுங்கள். ‘ழ’, ‘ள’, ‘ல’ மூன்றும் ஒரே பாட்டில் இடத்துக்கு இடம் மாறினால், வரிகள் இலக்கணப்படி சரியாக இருந்தும் எந்த ஊர்ப் பேச்சும் இல்லாமல் இருந்தால் அதுவும் ஒரு தடயம். இதில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் போடும், மேடையே ஏறாத இளைஞர்களும் இருக்கிறார்கள். ஒரு செய்தி அனுப்பிக் கேட்டால் நிஜ ஆள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

நண்பருக்குப் பிடிக்கவில்லை என்றால்?

விட்டுவிடுங்கள், விளக்கம் சொல்லிக் கேட்கவைக்க முடியாது. என்ன பிடிக்கவில்லை என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: குரலா, வேகமா, வரியா, பதிவின் தரமா. பதிவுதான் காரணமென்றால் அதே பாடகரின் வேறொரு பதிவை ஒரு மாதம் கழித்து அனுப்பலாம். குரலே பிடிக்கவில்லை என்றால் அடுத்த பாடகருக்குப் போங்கள்.